கட்டைவிரலில் சிவப்பு நூல்

பொதட்டூர்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுத் துளசிங்கம் தங்கமான மனுஷர். விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். நூல் வந்தால் இழுத்துப் பார்த்து, அறுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். போனில் வருவதை மட்டும் அப்படியே நம்பிவிடுவார்.

போன மாதம் எவனோ ஒரு வெள்ளைக் கோட்டுக்காரன் வீடியோவில் வந்து, பிரஷர் மாத்திரையெல்லாம் ஏமாற்று வேலை என்றான். திருத்தணி டாக்டர் கொடுத்த மாத்திரையை இவர் அன்றே நிறுத்திவிட்டார். அதே பிரஷரில் விழுந்து செத்தவர் இவருடைய சொந்த அண்ணன். தலை சுற்றி இவர் சுவரைப் பிடித்துக்கொண்டதை நானே பார்த்தேன். மனைவி மணியம்மை கெஞ்சினாள், திட்டினாள், சோறு போட மாட்டேன் என்றாள்.

"டாக்டரே சொல்றாரு. உனக்கு இன்னாடி தெரியும்?" என்றார். நாலு சாத்து சாத்தலாம் போல எனக்கு ஆத்திரம்.

மணியம்மை வேறு வழி பார்த்தாள். மகள் தேவயானி காலேஜ் லேபில் போடுகிற வெள்ளைக் கோட்டை மாட்டி, மாஸ்க் போட்டு, என் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். "இடது கால் கட்டைவிரலில் சிவப்பு நூல் கட்டினால் இரத்த அழுத்தம் இறங்கும்" என்று செய்தி வாசிக்கிற தமிழில் சொன்னாள். தேவயானி படம் பிடித்தாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கனகம்மாசத்திரத்திலிருக்கும் என் தம்பி அதைத் துளசிங்கம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான்.

மறுநாள் மனுஷர் கால் கட்டைவிரலில் சிவப்பு லுங்கி நூலோடு தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்!

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"பிரஷருக்கும்மா. ஒரு டாக்டரம்மா சொல்லிச்சு. அந்தம்மா கொரலக் கேட்டாலே நம்பிக்க வருது. நம்ம வூட்டு மனுஷங்க மாதிரி."

சிரிக்கத் தயாராக வந்த மணியம்மைக்கு அதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய்க் கோட்டையும் மாஸ்க்கையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நைனா, அது அம்மாதான்," என்றாள் தேவயானி.

துளசிங்கம் தறியை நிறுத்தினார்.

"இதே கொரலுதாங்க தெனமும் மாத்திர போடுங்கன்னு சொல்லிகினு இருக்குது," என்றாள் மணியம்மை. "கோட்டு போடாததால காதுல வுழலியா?"

அவர் குனிந்து கட்டைவிரல் நூலை அறுத்துப் போட்டார்.

"மாத்திரைய எங்க வெச்ச, மணி?" என்றார்.