படம்: மாதிரி

அண்ணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால், விற்க அனுப்பிய படம் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் அடுப்படியில் பால் பொங்கக் காத்திருக்கும்போதுதான் அவர் மின்னஞ்சலைத் திறப்பார். படத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் கைப்பேசி சமையல் மேடைமேல் வெளிச்சத்தோடு கிடக்கும். இல்லையென்றால் அதன் முதுகுதான் தெரியும். நான் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். கவிழ்ந்திருந்தால், வேலைக்குக் கிளம்புவதற்குள் அந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்து அவருக்கு அர்த்தம் சொல்லியாக வேண்டும். மாமல்லபுரத்து அலையை அவர் எடுத்த படம் ஒன்றுக்கு வந்த பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். 'இதுபோன்ற படங்கள் எங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன.' அண்ணி பாலை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "கடல் ஒண்ணுதான தம்பி கீது? வேற கடலுக்கு நான் எங்க போவேன்?"

என் அண்ணனின் மனைவி அவர். அண்ணன் இறந்த பிறகு செங்கல்பட்டில் ரயில்பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில் அம்மா, அண்ணி, நான் என்று மூன்று பேர். கல்யாணத்துக்கு முன்பு அண்ணி திருப்போரூரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் அமைக்கும் வேலை பார்த்தவர். அந்த ஸ்டூடியோக்காரர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை அண்ணிக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இணையத்தில் படம் விற்றுத்தரும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். படத்தை ஏற்றி வைத்தால் போதும். உலகத்தில் யாருக்குத் தேவையோ அவர்கள் பணம் கட்டிப் பயன்படுத்திக்கொள்வார்கள். எடுத்தவருக்கு ஒரு பங்கு வரும். பிற்பகலில் ஜெராக்ஸ் கடை வேலை, காலையில் கேமரா என்று அண்ணி நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். விடிந்ததும் மாமல்லபுரம் பேருந்தில் ஏறிவிடுவார். பை மடியில், முகம் ஜன்னலில். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்ட வீட்டில் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த நிறுவனத்தில் மனிதர்கள் இருந்தார்களா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. திங்கட்கிழமை தெளிவில்லை என்று திருப்பியனுப்பிய படத்தை, ஒன்றும் மாற்றாமல் அடுத்த வாரம் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை 'மகிழ்ச்சியான செய்தி' என்ற தலைப்போடு கடிதம் வந்தது. அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். படித்துப் பார்த்தால், எங்கள் பங்கைக் குறைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்க ஒரு தொலைபேசி எண் கிடையாது. எழுதிக் கேட்டால் நன்றி சொல்வார்கள். கேள்வி அப்படியே இருக்கும்.

இதில் என் வேலை சொற்கள். ஒவ்வொரு படத்தோடும் ஐம்பது ஆங்கிலச் சொற்கள்வரை கொடுக்கலாம். வாங்க வருகிறவர்கள் அந்தச் சொற்களை வைத்துத்தான் தேடுவார்கள். தனியார் கல்லூரி அலுவலகத்தில் கடிதம் அடிப்பவனான எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் அதை நான் எடுத்துக்கொண்டேன். மீன், கூடை, கடற்கரை, இந்தியா என்று தொடங்குவேன். பிறகு எவை விற்கின்றன என்று கவனித்து வறுமை, துயரம், தனிமை என்று சேர்க்கப் பழகினேன். அண்ணி ஒருமுறை திரையைப் பார்த்து, "இம்மாம் வார்த்த எதுக்கு தம்பி?" என்றார். "தேடறவங்க கண்ணுல படணும்ல அண்ணி" என்றேன். உண்மையில் எனக்கு அதில் ஒரு சாமர்த்தியம் இருப்பதாகப் பெருமைகூட இருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் அண்ணிக்குப் பழக்கமானார். போகிறபோதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார், காசு கொடுத்தால் வாங்கமாட்டார். ஒரு காலை அவருடைய கணவரின் படகு திரும்பத் தாமதமானது. மற்ற படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி, கையால் வெயிலை மறைத்துக் கடலையே பார்த்து நின்றார். உப்புக்காற்றில் கண்கள் கலங்கியிருந்தன. அண்ணி அதை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் படகும் வந்துவிட்டது, அக்கா கணவரைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சிரித்தார். முகம் தெரியும் படம் என்றால் அவரவர் சம்மதம் எழுதி வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில் அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் தன் பெயரைப் போட்டார். "எங்கியாவது புஸ்தகத்துல வரும்க்கா" என்று அண்ணி சொன்னார். அவர் நம்பியதும் அதைத்தான்.

படம் உடனே ஏற்கப்பட்டது, விற்கவும் செய்தது. சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டேன், உட்காரவும் இல்லை. அண்ணியைத்தான் பார்த்தார்.

"இன்னா பாப்பா, நீ எட்த்த படந்தான அது? என் வூட்டுக்காரரு எப்ப குட்ச்சாரு, சொல்லு. பீடிகூட தொடமாட்டாரு அந்த மனுசன். 'உன் பொண்டாட்டி பஸ் ஸ்டாண்டுல அழுதுகினு கீறா, போய்க் கூட்டியா'ன்னு கரையில அவர கலாய்க்கிறானுங்கோ. மூணு நாளா கடலுக்குப் போவாம வூட்லயே குந்திகினு கீறாரு."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று மதியமே மூவரும் திருக்கழுக்குன்றம் போனோம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தின் பெரிய பிளெக்ஸ் பலகை. 'கணவரின் குடியால் கண்ணீரா?' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில், படகுக்காகக் காத்திருந்த அக்காவின் முகம் ஆள் உயரத்துக்கு. அடியில் எறும்பு அளவில் 'படம்: மாதிரி'. அக்கா பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். தன்னையே பார்க்க முடியாமல் ஒருவர் அப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி படத்தின் பக்கத்தைத் திறந்து, நான் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் கேட்டார். சொன்னேன். பாதிக்கப்பட்டவள். கொடுமை. கண்ணீர். ஒரு சொல்லில் நான் தயங்கியதைக் கண்டுபிடித்துவிட்டார். "இது இன்னா?" விதவை என்றேன். கணவர் வரும் திசையைப் பார்த்து நின்ற பெண்ணுக்கு அந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். அண்ணி திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "என்னப் பாத்து எழுதினியா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நிறுவனத்துக்கு எழுதினோம். ஒரு முறை, இரண்டு முறை, பிறகு நாள்தோறும். ஒவ்வொரு பதிலிலும் கீழே வேறு பெயர், மேலே ஒரே பத்தி. வாங்கியவர் விதிப்படிதான் பயன்படுத்தியிருக்கிறார், மாதிரி என்று குறிப்பிட்டும் இருக்கிறார். படத்தை எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் நீக்கிக்கொள்ளலாம், விற்ற அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. படத்துக்கான சொற்களைத் தந்தவர் நீங்களே என்பதை நினைவூட்டுகிறோம். உங்கள் பொறுமைக்கு நன்றி. அந்த மூன்றாவது வரியை அண்ணிக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். "இதுல கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தராவது நெசமா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, கேமராப் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "வா. பலகைய மாட்டினவங்க இருக்காங்கல்ல."

மையத்தின் நிர்வாகி மெதுவாகப் பேசும் மனிதர். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். "நாங்க திருடலைம்மா. பணம் கட்டி வாங்கின படம். இதப் பாத்துட்டு எத்தனையோ வீட்டுப் பொம்பளைங்க படியேறி வந்திருக்காங்க. முகம் இல்லாத பலகைய யாரும் நின்னு பாக்கறதில்ல." அவர் சொன்னதிலும் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் தொந்தரவாக இருந்தது.

"வேற முகம் குடுத்தா மாத்துவீங்களா?" என்றார் அண்ணி.

"யாரும்மா இதுக்கு ஒத்துக்குவாங்க?"

"நான்."

நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன்.

"ஆனா கீழ மாதிரின்னு போடாதீங்க" என்றார் அண்ணி.

அண்ணன் மஞ்சள்காமாலையில் இறந்தான் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். மஞ்சள்காமாலை இருந்ததும் உண்மை. அது எதனால் வந்தது என்பதை வீட்டுக்குள்கூட நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அண்ணியும் சொன்னதில்லை. வராந்தாவுக்கு அவரைத் தனியாக அழைத்துப் போய், "அம்மா இந்த வழியாத்தான் கோயிலுக்கு வருவாங்க அண்ணி" என்றேன். "தெரியும்" என்றார். "சொந்தக்காரங்க பாப்பாங்க." "பாக்கட்டும். அந்தக்கா புருசன் குடிக்காத மனுசன். அவரு தலையில இத எறக்கி வெச்சுட்டு நாம சும்மா இருக்கறதா?" கேமராவை அவரே அளந்து அமைத்துக் கொடுத்தார். நான் அழுத்தினேன். அழவில்லை, முகத்தைத் தொங்கப்போடவில்லை, நேராகப் பார்த்தார். பையில் எப்போதும் வைத்திருக்கும் சம்மதத் தாள் ஒன்றை எடுத்துத் தன் பெயரை நிரப்பிக் கையெழுத்திட்டார். கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. தாளை என் பக்கம் தள்ளினார். பேனா என் கையில் வெகுநேரம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் பலகை மாறியது. அக்காவின் கணவர் கடலுக்குப் போகத் தொடங்கினார். அண்ணி பிறகும் அந்தக் குப்பத்துக்குப் போனார். கேமராவைப் பார்த்ததும் அக்கா, "கேமராவ மூடி வெச்சிட்டு வா, டீ குடிக்கலாம்" என்பாராம். நிறுவனத்தின் கணக்கிலிருந்து அண்ணி தன் படங்களை எல்லாம் அழித்தார். மொத்தமாக அழிக்க வழியில்லை. ஒவ்வொரு படத்துக்கும் 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றார். கணக்கை மூடும்போது ஏன் விலகுகிறீர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. நேரமில்லை, வருமானம் போதவில்லை, வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன். எழுதுவதற்கு இடம் இல்லை. எதையும் தொடாமல் அண்ணி கணினியை அணைத்துவிட்டார். அந்தக் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது என்று நினைக்கிறேன், ஒரு படமும் இல்லாமல்.

இப்போது அண்ணி ஊரப்பாக்கத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறார். எடுத்ததும் திரையைத் திருப்பி அவரவர்க்கே காட்டி, பிடித்தால்தான் அச்சடிப்பாராம். நானோ எந்தப் பலகையில் எந்த முகத்தைப் பார்த்தாலும், அதை யார் என்னென்ன சொல் எழுதி விற்றார்களோ என்று நின்றுவிடுகிறேன். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பலகையைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் பௌர்ணமிக்குத் திருக்கழுக்குன்றத்தில் மலை சுற்றிவிட்டு வந்தார். மறுநாள் அண்ணி எங்களைப் பார்க்க வந்திருந்தார். மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி ரசம் ஊற்றக் கரண்டியை நீட்டியபோது, அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப அடிப்பானா உன்ன?"

அண்ணி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தார். "ஆமா அத்த."

"எனக்குக் கேட்டுக்கினுதான் இருந்துச்சி" என்றார் அம்மா.

எனக்கும் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் அம்மாவின் அறைக்கும் அண்ணியின் அறைக்கும் நடுவில் இருப்பது என்னுடைய அறை.