கடை பொறுப்பல்ல

கருப்புக் கைப்பிடி போட்ட ரப்பர் முத்திரை அது. 'உள்ளே உள்ள தகவல்களுக்குக் கடை பொறுப்பல்ல' என்று இரண்டு வரி. கள்ளக்குறிச்சியில் நான் எட்டு வருஷம் குப்பை கொட்டிய லேப்டாப் ரிப்பேர் கடையில், முதலாளி வாங்கிப் போட்ட சாமான்களிலேயே ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். ஸ்க்ரூ டிரைவர் முனை மழுங்கிக் கிடக்கும். பற்றவைக்கிற இரும்பு பாதி நாள் சூடேறாது. முத்திரைக்கு மட்டும் மை வற்றி நான் பார்த்ததில்லை.

முதலாளி தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வார். எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்டதில்லை; ஒன்பதாவதோடு நின்றுவிட்ட நான் எப்படிக் கேட்பேன்? நெற்றியில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டியிருப்பார். அது கண்ணுக்கு இறங்கி ஒருநாளும் கண்டதில்லை. எந்தக் கோளாறு வந்தாலும் அவர் கைவசம் இரண்டே வைத்தியம். முதலில் அப்டேட், அது கேட்காவிட்டால் ஃபார்மட். அதாவது மெஷினில் இருப்பதையெல்லாம் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. சளிக்கு வந்தவனின் தலையை எடுத்துவிட்டு, இனிமேல் சளியே வராது என்று சொல்வதைப் போல.

நான் அதற்கு நேர்மாறு. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து நான்காம் தரமும் இழுப்பேன். கழற்றிய ஸ்க்ரூ எத்தனை என்று நோட்டில் எழுதி வைப்பேன். "நீ பயந்தே சாவப்போற பாரு" என்பார் முதலாளி, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே. அவர்களும் சிரிப்பார்கள்.

புது லேப்டாப்பை முதல்முதலாகத் திறந்தால் ஒரு மெயில் முகவரி கேட்கும். பக்கத்து மலையிலிருந்து இறங்கி வந்து வாங்குகிறவர்கள் பலரிடம் மெயில் கிடையாது. அவர்களுக்கு ஒன்று உண்டாக்கிக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு வணங்காத உடம்பு அவருடையது. தன் மெயிலையே எல்லாருக்கும் போட்டு அனுப்பிவிடுவார். மெஷினுக்கு ஒரு பெயர் கேட்டால், வாங்கினவரின் ஊர்ப் பெயரை அடிப்பார். அவ்வளவுதான் அவர் மூளைக்கு வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை மலைமேல் இருக்கிற கரியாலூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஃபேன் இரைகிறது என்று லேப்டாப்பைக் கொடுத்தார். தூசி தட்டியிருந்தால் போதும். முதலாளி அப்டேட் வைத்தியத்தில் இறங்கி, பயாஸையே புதுசாக்கினார். பயாஸ் என்பது மெஷின் கண் விழித்ததும் ஓடுகிற முதல் புரோகிராம். இந்தக் காலத்து லேப்டாப்புகள் டிஸ்க்கில் இருப்பதைத் தாமே பூட்டி வைத்துக்கொள்கின்றன. பயாஸ் மாறினால், யாரோ திருடன் கை வைத்துவிட்டான் என்று சந்தேகப்பட்டு நாற்பத்தெட்டு இலக்கச் சாவி கேட்கும். மாற்றுவதற்கு முன்னால் அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். இன்ஜினியருக்கு அது தெரியாது. திரை நீலமாகி, சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றது.

"டிஸ்க்கு லாக் ஆயிட்ச்சும்மா. ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது. ஃபார்மட் அடிச்சாதான் உண்டு" என்றார் முதலாளி, பூதக்கண்ணாடியைத் தடவியபடி.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பரம்பரையாக உழுகிற காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டு, இரண்டு வருஷமாக ஒவ்வொரு கொல்லையையும் சுற்றி நடந்து அளந்து, படம் எடுத்து வைத்திருந்தார். எந்தப் பாறையிலிருந்து எந்த மரம் வரைக்கும் யாருடையது என்று வயசானவர்கள் சொன்னது எல்லாம் வீடியோவாக அதற்குள்தான். திங்கட்கிழமை விசாரணையில் காட்ட வேண்டும்.

"சொன்ன கெழவருங்கள்ள ரெண்டு பேரு செத்தே போய்ட்டாங்க சார். அழிச்சிட்டீங்கன்னா நா எந்த மூஞ்சிய வச்சிக்கினு மலை ஏறுறது?"

"அதுக்கு நா இன்னாம்மா பண்றது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சீல் குத்தி ரசீது குடு. பென்டிரைவச் சொருவி ஃபார்மட்டப் போடு. நா சாப்ட்டு வந்துடறன்."

பென்டிரைவைக் கையில் எடுத்தேன். சொருக முடியவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கிழவர்கள் கனவில் வந்து நிற்பார்களே என்ற பயம். நேரத்தைக் கடத்துவதற்காக அந்த நீலத் திரையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்பதாவது இங்கிலீஷுக்கு அரை மணி பிடித்தது. சாவி உங்கள் மெயில் கணக்கில் இருக்கலாம், போய்ப் பாருங்கள் என்று பட்டவர்த்தனமாகப் போட்டிருந்தது. சாவிக்கு அடையாள எண்ணும் கீழே இருந்தது.

"அக்கா, ஒங்க மெயில் இன்னா?"

"எனக்கேது தம்பி மெயிலு? வாங்கின அன்னிக்கு ஒங்க மொதலாளிதான் எல்லாத்தையும் போட்டுக் குடுத்தாரு. தொறந்தா அவரு படந்தான் வருது. ரெண்டு வருசமா அந்த மூஞ்சியிலதான் முழிச்சிக்கினு கெடக்கறன்."

கடைக் கம்ப்யூட்டரில் முதலாளியின் கணக்கு எப்போதும் திறந்தபடி கிடக்கும். மூடி வைப்பதற்கும் சோம்பல். உள்ளே போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பலகை மாதிரி வரிசையாக ஊர்ப் பெயர்கள். வடக்கனந்தல், சின்னசேலம், நைனார்பாளையம், கரியாலூர். ஒவ்வொரு ஊருக்கும் நேராக நாற்பத்தெட்டு இலக்கம். கரியாலூரின் அடையாள எண் திரையில் இருந்ததோடு பொருந்தியது. அக்கா ஆறு ஆறாகப் படிக்க, நான் அடித்தேன். இரண்டு தரம் தப்பானது. மூன்றாம் தரம் நீலம் மறைந்து, முதலாளியின் படம் பல்லைக் காட்டியது. அந்த மூஞ்சியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தரம்தான். அக்கா ஒரு வீடியோவை ஓடவிட்டார். ஒரு கிழவர் தடியை நீட்டி ஏதோ பாறையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்பம் விட்டபடி உள்ளே வந்த முதலாளி ஒரு கணம்தான் திகைத்தார். "பாத்தியாம்மா? நம்ம கடைக்கு வந்தா வீண் போவாது" என்றார். அக்கா அவரைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அக்கா போனபிறகு முதலாளியிடம் கேட்டேன், "நைனார்பாளையத்து சாவியும் அதுலதாங்க இருக்குது. போன மாசம் அழிச்சிட்டமே?"

அது ஓர் உரக்கடைக்காரரின் லேப்டாப். இறந்துபோன மனைவியின் படங்கள் அதில் இருந்தன. அதே அப்டேட், அதே நீலத் திரை.

"சீல் குத்திதான குடுத்தம்? அப்புறம் இன்னா?" என்று பல் குத்தினார் இன்ஜினியர்.

இப்போது அவர் வீடுகளுக்குக் காவல் கேமரா மாட்டுகிறாராம். வீட்டுக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வடக்கனந்தலில் நான் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரிடமும் மெயில் யாருடையது என்று மூன்று தரம் கேட்பேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

போன வாரம் அந்த உரக்கடைக்காரர் வந்தார். மடித்து மடித்துக் கிழிந்த பழைய ரசீதை மேசையில் விரித்தார். "இப்ப புதுசு புதுசா இன்னான்னாவோ வந்துக்குதாமே தம்பி. அந்தப் படம் ஏதாவது தேறுமா?"

"தேறாதுங்க" என்றேன். சாவி இருந்ததைச் சொல்லவில்லை. முதலாளியைத் திட்டித் தீர்க்க என்னிடம் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இவருடைய லேப்டாப் வந்த அன்றைக்கு அந்த நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். படிப்பது இன்ஜினியர் வேலை என்று விட்டுவிட்டு, பென்டிரைவைச் சொருகியவனும் நான். ரசீதைப் பார்த்தேன். முத்திரை ஓர் எழுத்துகூடக் கலையாமல், கோட்டின் மேல் நேராக விழுந்திருந்தது. எதையும் பயந்து பயந்து ஒழுங்காகச் செய்கிறவன் குத்தியது.