ஐம்பத்து நான்கில் ஐம்பத்து மூன்று

என் நாற்பத்தைந்தாவது வயதில் பள்ளியில் என்னைக் கவுன்சலிங் ஆசிரியையாக்கினார்கள். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். சரித்திரப் பாடத்தில் எனக்கு வகுப்புகள் குறைவாக இருந்தன. இதைத் தவிர வேறு தகுதி என்னிடம் இல்லாததால், வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிவரச் சொன்னார்கள்.

இரண்டாம் பருவத்தில் அறிவுத்திறன் சோதனை என்று ஒரு பாடம். ஐந்து பேருக்குச் சோதனை வைத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் அறிக்கை எழுத வேண்டும். விரிவுரையாளர் இரண்டு விதிகள் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு வைக்கக் கூடாது. கிடைத்த மதிப்பெண்ணை அவர்களிடம் சொல்லக் கூடாது. இரண்டையும் சிவப்பு மையில் எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டேன். பிறகு இரண்டையும் மீறினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் பார்க்கச் சொன்னால் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யார் வருவார்கள்?

சோதனையில் எழுத்தே கிடையாது. ஐம்பத்து நான்கு படங்கள். ஒவ்வொரு படத்திலும் கோடுகளும் வட்டங்களும் ஏதோ ஓர் ஒழுங்கில் இருக்கும். ஒரு மூலை மட்டும் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். கீழே ஆறு துண்டுகள். அந்த மூலைக்குப் பொருந்தும் துண்டு எது என்று சொல்ல வேண்டும். முதல் படங்களைச் சின்னப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். கடைசிப் படங்களைப் பார்த்தால் தலை வலிக்கும்.

வகுப்பில் முதலில் எங்களுக்குள் ஒருவருக்கொருவர் வைத்துப் பார்த்தோம். எனக்கு முப்பத்து மூன்று வந்தது. அட்டவணையில் அதற்கு நேராக ‘சராசரி’ என்று போட்டிருந்தது. பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத்தில் எங்கள் பள்ளியிலேயே சிறந்த தேர்ச்சி என்னுடையது. மாணவர்களின் தேர்ச்சி அட்டையில் இருபது வருடமாக அந்தச் சொல்லை எழுதிவருகிறேன். அதைப் படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை.

பிறகு பள்ளியில் என்னோடு வேலை செய்யும் இருவருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வைத்தேன். நான்காவது ஆள் என் கணவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியர். பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில் இன்னும் தொங்குகிறது. அவருக்கு நாற்பத்தொன்று. “காலையில வெச்சிட்டியே, சாயங்காலம் பண்ணியிருந்தா இன்னும் கூட வந்திருக்கும்” என்றார். அன்று மாலை, யாரும் கேட்காமலேயே, தனக்கு மாலையில்தான் மூளை நன்றாக வேலை செய்யும் என்று இன்னொரு முறை சொன்னார்.

ஐந்தாவது ஆளாக அண்ணன் அகப்பட்டார்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நிபோங் திபாலில் இருக்கிறார். பத்து காவான் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகும் பேக்டரி பஸ் ஓட்டுகிறார். பதினைந்து பதினாறு வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. அந்த வருட அரசாங்கச் சோதனையில் தோற்றவர்களுக்கு அப்போது பள்ளி அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் என்னைப் படிக்கிற பிள்ளை என்றும் அவரை ‘அவனுக்கு ஏறாது’ என்றும் சொல்வார்கள். சண்டையாக இல்லை, உயரம், நிறம் சொல்வது மாதிரி. அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டி ஒரு ஞாயிறு காலை போனேன். அண்ணி சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கைலியோடு மேசையில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் தருவேன் என்றேன். பதினெட்டாவது நிமிடத்தில் பென்சிலை வைத்துவிட்டு, “அவ்ளோதானா?” என்று கேட்டார்.

“தெரியலைன்னா விட்டுறாதண்ணே, யோசிச்சுப் போடு. நேரம் இருக்கு.”

“போட்டாச்சு லா.”

கடைசிப் படத்தைக் காட்டி, இதற்கு ஏன் இந்தத் துண்டு என்று கேட்டேன். எனக்கு அந்தப் படம் கடைசிவரை புரியவில்லை. விடைத்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“இந்தக் கருப்பு புள்ளி ரவுண்டபோட்ல சுத்துற மாதிரி சுத்துது. கோடு அதுக்கு எதிர்ப் பக்கமா சுத்துது. ரெண்டும் இங்கதான சந்திக்கணும்?”

அங்கேதான் சந்தித்தன.

மூன்று முறை திருத்தினேன். ஐம்பத்து மூன்று. ஒன்றுதான் தப்பு, அதுவும் இரண்டாவது படம். அப்போது அண்ணி, காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்டிருந்தார். அட்டவணையில் ஐம்பத்து மூன்றைத் தேடினேன். ஐம்பதுக்கு மேல் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டு முடித்துவிட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு மீனைச் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, எல்லாரையும் விட உனக்குத்தான் கூட. உன் மாப்பிள்ளையை விடவும்.”

அண்ணி கரண்டியோடு வெளியே வந்து சிரித்தார். “இவருக்கா? கரண்டு பில்லு எங்க வெச்சோம்னு நேத்துப் பூரா தேடுனாரு.”

அண்ணனும் சிரித்தார். பிறகு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “அப்ப எனக்கு ஏன் படிப்பு ஏறல?”

இதற்குப் பதில் என் பாடக் குறிப்பில் இருந்தது. ஆறாவது பாடம். புதிதாக ஒன்றைப் பார்த்ததும் அதன் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. பள்ளித் தேர்வுக்கு அது மட்டும் போதாது. மொழி வேண்டும், நினைவு வேண்டும், பிடிக்காததையும் உட்கார்ந்து செய்கிற பொறுமை வேண்டும், கேட்டதைக் கேட்ட விதத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஒருவரிடம் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் கடைசிவரை கேட்டார்.

“சரி. இதுல எது எனக்கு இல்லாம போச்சு?”

அது குறிப்பில் இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தமிழ்ப்பள்ளி. பிறகு மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனோம். மலாய் எங்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் மிரட்டியது. நான் பயந்துபோய்க் கட்டுரைகளை மனப்பாடம் செய்தேன். அண்ணன் ஆறு மாதத்தில் பாசாரில் மீன் விற்பவரோடு பேரம் பேசுகிற அளவுக்கு மலாய் பேசினார். இப்போது பஸ்ஸில் வேலைக்கு வரும் நேப்பாளப் பையன்களிடம் கேட்டுக் கேட்டு அவர்கள் மொழியும் பேசுகிறார். ஆனால் ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரி எழுதுவார். கடற்கரைக்குப் போனேன், குளித்தேன், திரும்பி வந்தேன். ஆசிரியர் இன்னும் எழுது என்றதற்கு, வேறு ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

கணக்கில்தான் பெரிய வினை வந்தது. மூன்றாம் படிவத்தில் ஒரு சோதனையில் அவர் வெறும் விடைகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். வழிமுறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதினாய் என்று ஆசிரியர் சுழியம் போட்டு அப்பாவை வரவழைத்தார். பக்கத்தில் இருந்தவனின் விடைகள் பெரும்பாலும் தப்பு. தப்பான விடையைப் பார்த்து எப்படிச் சரியான விடையை எழுத முடியும் என்று ஆசிரியரும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்போது முதல் படிவத்தில் இருந்த நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் விடைகளையும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நான் வேறு ரகம். என் கணக்கில் ஒவ்வொரு வரியும் இருக்கும். விடை தப்பானாலும் வழிக்குப் பாதி மதிப்பெண் வாங்கிவிடுவேன். ஆசிரியரின் ஒரு சிவப்புச் சரிக்குறிக்காக எதையும் செய்வேன். அண்ணனுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் போதும். புரிந்ததை இன்னொருவருக்கு நிரூபிக்க வேண்டும் என்று தோன்றாது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது பாடத்துக்கும் தெரியவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அண்ணி தங்கள் தாமானில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். காப்பிக்கடையில் அண்ணனை ‘புரொபசர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டாம் வாரம் பஸ் கம்பெனி சூப்பர்வைசரோடு தகராறு. யார் எந்த ஷிப்ட், யாருக்கு எந்த நாள் லீவு, யார் எந்த முக்கில் ஏறுவார் என்பது மொத்தமும் அண்ணனின் தலைக்குள் இருக்கும். சூப்பர்வைசர் அச்சடித்துக் கொடுக்கிற லிஸ்டு எப்போதும் தப்பாக இருக்கும். வருடக்கணக்காக அண்ணன் அந்த லிஸ்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் போக்கில் ஓட்டிவந்தார். அன்றைக்கு மட்டும், “உனக்கு அம்பத்து நாலுக்கு எவ்ளோ வரும்?” என்று கேட்டுவிட்டார். கேள்வி சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. தொனி புரிந்தது. கம்பெனி ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது.

அதற்கப்புறம் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடும் சரியில்லை என்று அண்ணி போனில் சொன்னார். ஒரு நாள் மத்தியானம் ஷிப்டுக்கு இடையில் அவரே கூப்பிட்டார்.

“ஏம்மா, நான் படிச்சிருந்தா எஞ்சினியர் ஆயிருப்பேனா?”

“தெரியலண்ணே.”

“மாப்பிள்ள மாதிரி?”

“ஆயிருக்கலாம்.”

“ம்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த லீவு நாளில், சொல்லாமல் கொள்ளாமல், ஜெலுத்தோங்கில் என் பிளாட்டுக்கு வந்து நின்றார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். பள்ளி விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன்.

“அந்தச் சோதனையை இன்னொரு தடவ வை.”

“ஒருத்தருக்கு ரெண்டு தடவ வைக்கக் கூடாதுண்ணே. பழகிடும்.”

“நீ வை லா.”

வைத்தேன். இந்த முறை முழுசாக நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்தார். சிலவற்றில் திரும்பிப் போய் அழித்து மாற்றினார். எதிரே உட்கார்ந்து திருத்தினேன். முதல் படம் தப்பு. இரண்டாவது தப்பு. கடைசிப் படம்வரை ஒன்றுகூடச் சரியில்லை. ஆறு துண்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூட ஐம்பத்து நான்கில் ஏழெட்டாவது தற்செயலாகச் சரியாகியிருக்கும். ஒன்றுமே சரியாகாமல் இருக்க, ஐம்பத்து நான்குக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். அண்ணி குறுக்கே பேசாததால், இந்த முறை இரண்டாவது படமும் தெரிந்திருந்தது.

“எவ்ளோ?” என்றார்.

“சுழியம்.”

“அப்ப அது ஏதோ குருட்டாம்போக்குல வந்தது. இதையே எழுதிக்கோ.”

விடைத்தாளை மடித்து வைத்தேன். பென்சிலை உருட்டிக்கொண்டே அவர்தான் பேசினார்.

“முப்பது வருஷமா எனக்கு ஏறாதுன்னு பழகிப்போச்சும்மா. அதுல ஒரு கஷ்டமும் இல்ல. நான் மக்கு, பஸ் ஓட்டுறேன், சரியா இருந்துச்சு. நீ பாட்டுக்கு ஒரு தாளைத் தூக்கிட்டு வந்து இல்லன்னு சொல்லிட்டே. இப்ப யார் மேல கோவப்படுறது? அந்த வாத்தியாரு செத்துட்டாரு. அப்பாவும் இல்ல.”

“என் மேல கோவப்படுண்ணே.”

“உன் மேல என்னாத்துக்கு? நீ அப்ப சின்னப் புள்ள.”

சாப்பிடப் போகலாம் என்று சூலியா தெருவுக்குக் கூட்டிப்போனேன். நாசி கண்டார் சோற்றுக் கடையில் வரிசையில் நின்று வாங்கி உட்கார்ந்தோம். பாதித் தட்டு முடிந்ததும் கேட்டார்.

“ஆமா, உனக்கு எவ்ளோ வந்துச்சு?”

கணவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. “முப்பத்து மூணு. சராசரி.”

அண்ணன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் தட்டில் இருந்த பெரிய இறாலை எடுத்து என் தட்டில் வைத்தார்.

“பரவால்லம்மா. அதை வெச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் படிச்சிருக்கியே. ரொம்ப ஒழைச்சிருக்க.”

என் படிப்பைப் பற்றி நிறைய பேர் நிறைய சொல்லியிருக்கிறார்கள். உழைத்திருக்கிறாய் என்று யாரும் சொன்னதில்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் இறாலைச் சாப்பிட்டேன்.

அறிக்கையில் முதல் மதிப்பெண்ணையே எழுதினேன். ஐந்து பேரில் இருவர் என் குடும்பத்தார் என்பதையும், முடிவை அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்பதையும், அதனால் ஒருவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதினேன். விரிவுரையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விதி எதற்காக இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். இருப்பதிலேயே குறைந்த தேர்ச்சியைக் கொடுத்தார். சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் கேட்டார், அந்த மாதிரிப் படங்கள் இன்னும் இருக்கிறதா என்று. சோதனை இல்லை, சும்மா என்றார். புத்தகக் கடையில் மூன்று புதிர்ப் புத்தகங்கள் வாங்கி அனுப்பினேன். பத்து காவானில் ஷிப்டு முடிவதற்குக் காத்திருக்கும்போது பஸ்ஸில் வைத்து அவற்றைச் செய்கிறாராம். முடித்த பக்கத்தைக் கிழித்துக் குப்பைப் பையில் போட்டுவிடுகிறார் என்று அண்ணி சொன்னார். பின்னால் இருக்கும் விடைப் பக்கங்களை முதல் நாளே கிழித்துவிட்டாராம். எத்தனை சரி என்று நானும் கேட்பதில்லை.