ஆஷிஃபா பேருக்கு விழுந்த சீட்டு

எங்கள் லைன் வீட்டில் ஆஷிஃபாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இப்போது ஒரே பேச்சுதான். நெஞ்சழுத்தக்காரியாம். சொந்த அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி இன்னொருத்தனுக்கு விற்றவளாம். சொல்லட்டும். சொல்கிற வாய்களில் பாதி, அவள் காசில் காரியம் நடத்திக்கொண்ட வாய்கள். அந்தக் கதையை அவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதிக்கொள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. பன்னிரண்டாவது முடித்த கையோடு காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு வேலைக்குப் போனாள். சேலை பிரித்துக் காட்டும் வேலை. கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் மலைபோலப் பிரித்துப் போடவேண்டும். ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்று அவர்கள் ஜூஸ் குடித்துவிட்டு எழுந்து போனால், அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்கவேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை உண்டு, விற்கிறவளுக்கு உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் வீங்கின காலை நீட்டிக்கொண்டு, முந்தானைக்குக் குஞ்சம் கட்ட உட்கார்ந்துவிடுவாள். முன்பெல்லாம் ஓரத்து நூலைச் சும்மா முடிந்துவிடுவார்கள். இப்போது கல்யாணப் பெண்களுக்கு முத்து வேண்டும், மணி வேண்டும், குட்டிக் குட்டி ஜிமிக்கி மாதிரி தொங்கவேண்டும். ஆஷிஃபா கட்டினால் அந்தக் குஞ்சத்துக்காகவே சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பிள்ளையார்பாளையம் போகிற வழியில் ஒரு சின்ன அறை, முன்னே சாயப்பொடி விற்ற கடை, காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து, கூட இரண்டு பெண்களை உட்காரவைத்து, குஞ்சம் கட்டிப் பிழைக்கவேண்டும். அட்வான்ஸ் முப்பதாயிரம் என்றார் அறைக்காரர். அதற்குத்தான் சீட்டு கட்டினாள்.

சீட்டு நடத்துகிறவள் எதிர் வீட்டுக் கமலவேணி. பன்னிரண்டு பேர், மாசம் மூவாயிரம். ஏலச்சீட்டில் அவசரக்காரர்கள் தொகையைக் குறைத்துத் தள்ளிக் கேட்பார்கள், தள்ளின பணத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அது வட்டி மாதிரி, எங்களுக்கு ஆகாது என்பாள் ஆஷிஃபா. அதனால் அவள் சேர்ந்தது குலுக்கல் சீட்டில். பேரெழுதின துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் பேர் வருகிறதோ அந்த மாசம் பணம் முழுக்க அவர்களுக்கு. எடுக்கிற கை என் கை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால், யார் பேர் என்று பார்த்து எடுத்தேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாதல்லவா.

ஆனால் குலுக்கல் சீட்டில் ஒரு கேடு உண்டு. ஏலச்சீட்டில் முன்னால் கேட்டு எடுப்பவனுக்கு நஷ்டம் இருக்கிறது, அதனால் அவன் யோசிப்பான். இங்கே முறை மாற்றிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒரு நினைப்பு. "எனக்கு அவசரம், இந்த மாசம் விட்டுக்குடு, உன் பேரைத் திரும்ப டப்பாவுல போட்டுடலாம்" என்று வாய்கூசாமல் கேட்பார்கள். மாட்டேன் என்றால் ஈரமில்லாதவள். அதுவும் கல்யாணமாகாத பெண்ணுக்கு அவசரம் என்ன இருக்கிறது?

முதல் தடவை அவள் பேர் விழுந்தபோது, சீட்டுக்காரி கமலவேணியே மூக்கைச் சிந்தினாள். "பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சுட்டேன் ஆஷி. சம்பந்தி வீட்டு ஜனம் வருது. மானம் போயிடும்மா."

ஆஷிஃபா விட்டுக்கொடுத்தாள். அந்த வளைகாப்பில் ஐஸ்கிரீம் வண்டியும் செல்பி எடுக்கப் பூப்போட்ட ஊஞ்சலும் வந்து இறங்கின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை மூலை வீட்டுக்காரி, மகனுக்குக் காலேஜ் பீஸ் என்றாள். அதற்கும் விட்டுக்கொடுத்தாள். நடுவில் அவள் அத்தா ஹபீபுல்லா பாய் பள்ளிவாசல் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். குஞ்சக் கூலியில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் மாவுக்கட்டுக்கும் போனது. அது பெற்றவருக்கு, நியாயம். அதை நான் குறை சொல்லவில்லை.

வண்டிக் கதைதான் என் வயிற்றெரிச்சல். அவள் அண்ணன் ஷோயபுக்கு நிலையான வேலை கிடையாது, ஆனால் புது பைக் வேண்டும். பட்டுக்கடைப் பார்சல்களைக் கொண்டுபோய்ப் போட்டுச் சம்பாதிப்பானாம். அந்த வீட்டில் சம்பளச் சீட்டு வைத்திருப்பவள் ஆஷிஃபா ஒருத்திதான். வண்டிக்குக் கடன் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

"வட்டிக்குன்னா வேணாம்ணே" என்றாள்.

"எவன்டி வட்டின்னான்? இது ஸ்கீம். மாசாமாசம் தவணை, அதோட சார்ஜுன்னு கொஞ்சம் போடுவான். அவ்ளோதான். உன் பேரு சும்மா பேப்பருக்கு."

பேப்பருக்குத்தான் என்று கையெழுத்துப் போட்டாள், முன்பணத்தையும் சம்பளத்திலிருந்து கட்டினாள். அங்கேதான் ஏமாந்தாள். வட்டி என்று யாராவது சொல்லியிருந்தால் பேனாவையே தொட்டிருக்க மாட்டாள். சார்ஜ் என்று வேறு பேர் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டாள். மூன்று தவணை கட்டினான் புண்ணியவான். அப்புறம் வண்டி மகாபலிபுரம் போனது, ஏலகிரி போனது, பார்சல் மட்டும் போகவில்லை. கடன் கம்பெனிக்காரர்கள் அவனுக்கு ஏன் போன் செய்யப்போகிறார்கள்? பேர் இவளுடையது. கடைக்கே போன் செய்தார்கள். மேனேஜர் அத்தனை பெண்கள் முன்னால் கூப்பிட்டுச் சொன்னாராம்: "இன்னொரு போன் வந்துச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்கம்மா."

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாம் முறை அவள் பேர் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன்னால், கமலவேணி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் எடுத்துக் கொடுத்தேன். கமலவேணி பிரித்துப் பார்த்து, "மறுபடியும் ஆஷிதான்பா. ஆயா கை அவ மேலேயே போவுது" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஆஷிஃபா சிரிக்கவில்லை. அறைக்காரர் இந்த மாசக் கடைசி வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியும்.

அதற்குள் வாசலில் ஹெல்மெட்டை விரலில் சுழற்றிக்கொண்டு ஷோயப் வந்து நின்றான். பின்னாலேயே ஊன்றுகோலோடு ஹபீபுல்லா பாய். அவர் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அம்மா ரம்ஜான் பீ. குடும்பமே வந்துவிட்டது.

"விழுந்துச்சா? சூப்பர். பாக்கித் தவணை மொத்தமும் இன்னிக்கே கட்டிடலாம்" என்றான்.

"எந்தத் துட்டுல?" என்றாள் ஆஷிஃபா.

"இன்னாடி வெளாடறியா? இதோ இந்தத் துட்டுலதான். போன் வருது, மானம் போவுதுன்னு நீதானே அழுதுக்கினு இருந்தே."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்பா, ஏறிச் சுத்தறது நீயி, கட்டறது அவளா?" என்று கேட்டேன்.

"ஆயா, பேரை எடுத்தியா, உன் வேலை முடிஞ்சுது. காபி குடிச்சுட்டுக் கெளம்பு. இது வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயத்த எதிர் வீட்டு வாசல்ல நின்னு ஏன்டா பேசற?"

ஹபீபுல்லா பாய் கோலைத் தட்டினார். நல்ல மனுஷர்தான், ஆனால் மகன் என்றால் கண் தெரியாது. "சத்தம் வேணாம்மா ஆஷி. நாளைக்கு உன் நிக்காஹ்னு வந்தா முன்னாடி நிக்கப்போறவன் அவன்தானே?"

"நிக்கறதுக்கு எதுக்கு அத்தா வண்டி?" என்றாள்.

கமலவேணி தன்னை மறந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஷோயபுக்கு முகம் சிவந்தது. அப்போதுதான் தெருவில் இன்னொரு வண்டி வந்து நின்றது. ரயில்வே கேட் பக்கத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஆஸிம் இறங்கி வந்தான். "வரச் சொன்னியேம்மா" என்றான்.

ஆஷிஃபா எழுந்து நின்றாள். "நான் கடன் ஆபீசுக்கே போய்க் கேட்டுட்டேன். அவங்க வண்டியத் தூக்கினா ஏலத்துல வந்த விலைக்குத் தள்ளிடுவாங்க, கொறையிறது என் தலைலதான் விழும். நாமளே வித்தா விலை கெடைக்கும். ஆஸிம் அண்ணன் பாக்கிக் கடனைக் கட்டிட்டு, மிச்சத்த எங்கிட்ட குடுத்துட்டு வண்டிய எடுத்துக்குவாரு. வண்டி என் பேர்ல இருக்குது, விக்கறதும் நான்தான்."

"சாவி எங்கிட்ட இருக்குது." ஷோயப் சாவியை முஷ்டிக்குள் இறுக்கினான். "எவன் எடுத்துக்கினு போறான் பாக்கலாம். அண்ணன் நடந்து போனா உனக்குக் குளுகுளுன்னு இருக்குமா?"

"நான் தெனமும் நடந்துதான்ணே போறேன்."

அவன் ஒரு வார்த்தை சொன்னான். தங்கையைச் சொல்லக்கூடாத வார்த்தை. நான் அதைத் திருப்பிச் சொல்லமாட்டேன். அந்தக் கூடத்தில் பத்துப் பெண்கள் இருந்தோம். ஒருத்தியாவது "நாக்கை அடக்குடா" என்றாளா? வளைகாப்பு நடத்தினவள் விட்டத்தைப் பார்த்தாள். காலேஜ் பீஸ் கட்டினவள் செல்போனைப் பார்த்தாள். நான் மட்டும் கத்தினேன். என் கத்தலுக்கு யார் பயப்படுவார்கள்?

ரம்ஜான் பீ தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கையில் எதையோ பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். மகள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தாள். வண்டி வாங்கின அன்று கொடுத்த இரண்டாவது சாவி. ஏலக்காய் டப்பாவில் போட்டு வைத்திருந்திருக்கிறாள், மணத்தது.

"அம்மா, நீயுமா?" என்றான் ஷோயப்.

"தெனம் அவ காலைப் புடிச்சு விடறது நான்தான்டா" என்றாள்.

ஹெல்மெட்டைத் தரையில் அடித்துவிட்டு, வண்டியைத் தெருவிலேயே விட்டு நடந்து போனான் அவன். வண்டியோடு கடன் ஆபீசுக்கு என்றைக்குப் போவது என்று ஆஸிம் பேசிக்கொண்டிருக்கும்போது, கமலவேணி சீட்டுப் பணத்தை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே இழுத்தாள்: "அதான் வண்டிக் கடன் தீர்ந்துடுமே ஆஷி. இப்ப உனக்கு அவசரம் இல்லியே. இந்த மாசம் வேற யாருக்காச்சும்..."

"குடுக்கா" என்று கையை நீட்டினாள் ஆஷிஃபா.

கடன் ஆபீசில் கையெழுத்தாகி, அபராதம் அது இதுவென்று கழித்து, வண்டியில் அவள் கைக்கு வந்தது ஒரு மாசக் குஞ்சக் கூலிக்குக்கூடக் காணாது. முதலில் வண்டிக்கு முன்பணமாக அவள் கட்டினதெல்லாம் போனது போனதுதான். ஆனால் கடைக்கு அப்புறம் போன் வரவில்லை. அறைக்காரரிடம் அட்வான்ஸைக் கொடுத்துச் சாவி வாங்கினாள். பகலில் கூட வேலைக்கு வைத்த இரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்து கட்டுகிறார்கள், சாயங்காலம் கடை விட்டு இவள் போகிறாள். சுவரில் இன்னும் பழைய சாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாய்ந்தால் முதுகு நீலமாகிவிடும். உட்காருவதற்கு முதல் வேலையாக முக்காலி வாங்கிப் போட்டாள், மூன்று.

ஷோயப் இப்போது வாலாஜாபாத்தில் ஒரு குடோனுக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். தங்கையோடு பேசுவதில்லை. அவள் வாங்கிப்போடும் அரிசியில் ஆக்கின சோற்றை மட்டும் கோபமில்லாமல் சாப்பிடுகிறான். இந்தத் தெரு அவனைப் பார்த்து "பாவம், பஸ்ல போறான்" என்கிறது. இவள் ஆறு வருஷம் நடந்து போனபோது பாவம் பார்த்த ஆளை நான் காணவில்லை.

போன வாரம் கமலவேணி புதுச் சீட்டு ஆரம்பித்தாள். ஆஷிஃபாவும் சேர்ந்தாள். துண்டுகளை மடிக்கும்போதே சொல்லிவிட்டாள்: "இந்தத் தபா முறை மாத்தறது கெடையாது. விழுந்தவங்களுக்குத்தான் துட்டு."

"திடீர்னு ஆஸ்பத்திரி, சாவுன்னு வந்தா இன்னா பண்றதாம்?" என்று கேட்டாள் கமலவேணி.

"அதுக்குத் தனியா ஒரு டப்பா வைங்கக்கா. மாசம் ஆளுக்கு நூறு ரூபா போடுவோம். ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் மட்டும் அதுல எடுக்கலாம். வளைகாப்புக்கு இல்ல, வண்டிக்கும் இல்ல."

"அம்மாடி, பேங்க் மேனேஜரே வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கடி" என்றாள் கமலவேணி. மற்றவர்கள் சிரித்தார்கள். கமலவேணியும் சிரித்துவிட்டு டப்பாவைக் குலுக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

"எடு ஆயா, காபி ஆறுது."

"ரெண்டாவது டப்பா எங்க?" என்றேன்.

"இன்னா ஆயா நீ வேற, அவ கூடச் சேர்ந்துக்கினு..."

"டப்பா வரட்டும். அதுவரைக்கும் இந்தக் கை வராது. வேற படிக்காத கையாப் பாத்துக் கூட்டியா."

கமலவேணி என்னை முறைத்தாள். பிறகு அவள் வெடுக்கென்று எழுந்து சமையலறைக்குள் போனாள். உள்ளே காலி டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.