வெற்றிலையில் பிதுக்கிய களிம்பு

காளை என்பவரின் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தடிப்பு உண்டு. தொட்டால் புளியமரப் பட்டை மாதிரி சொரசொரக்கும். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கீழக்குயில்குடியைச் சுற்றி ஊர் ஊராகப் போய் ஊசி போடும் நர்சு நான், பெயர் ஆனிமேரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். 1981இல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி வைக்கோல் அடுக்கையில என்னமோ பூச்சி பட்டு அரிச்சது நர்சம்மா. கே.கே. நகர் டாக்டரு களிம்பு குடுத்தாரு. ரெண்டு வாரம், ரெண்டு வேளையும் போடச் சொன்னாரு."

"போட்டீங்களா?"

"நாலு நாள் போட்டேன். மாப்ளையும் கழுத்துல அரிக்குதுன்னாரு. வெத்தலையில பாதியைப் பிதுக்கிக் குடுத்துட்டேன்."

மாப்ளை என்றது அவர் தங்கை ஒச்சாயியின் புருஷன் சுருளியை. தங்கையைக் கட்டியவர் வாய்விட்டுக் கேட்டு, இல்லை என்று சொல்கிற வழக்கம் இவர்களிடம் இல்லை. அது சோறானாலும் சரி, சொறிமருந்தானாலும் சரி.

"மிச்சம் பாதி?"

"அரிப்புதான் நின்னுபோச்சே, வீணாக்குவானேன்னு எடுத்து வச்சேன். பெறகு பார்த்தா காஞ்சு போச்சு."

"அடப்பாவி மனுசா! அது என்ன கல்யாணப் பாயாசமா, ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்த?" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைத்தான் சொறிந்தார்.

பாதியில் விட்ட அரிப்பு பத்தே நாளில் திரும்பியிருக்கிறது. சொறியச் சொறியத் தோல் தடித்தது, தடித்த தோல் இன்னும் அரித்தது. இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே வலது கை தானாக அங்கே போய்விடும். தூங்கி எழுந்தால் நகத்தில் ரத்தம் இருக்குமாம். நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இனி மருந்து போட்டால் குறையும், முழுசாகப் போகுமா என்று சொல்ல முடியாது என்றார்.

அடுத்த சித்திரையில் ஒச்சாயி மகளுக்கு அய்யனார் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். காளைக்குப் பிள்ளை கிடையாது. தங்கை மகளை மடியில் வைக்கும் அந்த நாளுக்காக வருசம் பூராவும் காத்திருந்த மனுசன். அதற்கு முதல் நாள் ஒச்சாயி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணன் கையில பெருநோயாம். எங்க வீட்டுக்காரரே சொல்றாரு. புள்ளையைச் சித்தப்பன் மடியில வைக்கப் போறாகளாம்."

இது குஷ்டம் இல்லை என்று டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஒருத்தரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. காளை ஓரமாக வேப்பமரத்தடியில் நின்றார். சுருளி அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார். பேச்சுக்கு நடுவே அவர் விரல் துண்டுக்குள் போய் வறட் வறட்டென்று சொறிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. துண்டை உருவிவிட்டேன். பிடரியில் அதே கறுப்பு, அதே தடிப்பு.

"ஒரே களிம்பு, ஆளுக்குப் பாதி. அவருக்குப் பெருநோயின்னா உங்களுக்கு என்ன நோயிண்ணே?"

சனம் கொல்லென்று சிரித்தது. சுருளியின் முகம் செத்துப்போனது. நாலு பேர் முன்னால் ஒரு ஆம்பளையின் துண்டை உருவியது எனக்கே பிறகு கூச்சமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

"உக்காருங்க மச்சான்," என்றார் சுருளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

காளை சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் தலையை ஒரு கையாலும் கைகளை மறு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியைத் துடைப்பதற்குள் காளைக்கு வேர்த்து, அந்தத் தடிப்பின் மேல் வழிந்தது. வேர்வை பட்டால் அரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் தாங்குவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கை நகரவில்லை. இரண்டு காதும் குத்தி, அழுகை ஓய்ந்து, குழந்தை அவர் மடியிலேயே தூங்கியும் போனது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

கிட்டே போய்க் குனிந்து, "அரிக்கலையா?" என்று கேட்டேன்.

"உசுரு போகுது நர்சம்மா," என்றார் மெதுவாக. "கையை எடுத்தா புள்ளையை வாங்கிக்கிட்டுப் போயிருவாக."