நோராவின் ஆய்வறைக் காற்று

1991இல் பெங்களூரின் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நோரா சேர்ந்தபோது, மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக் உண்டு என்று அவள் சொன்னதை லிங்கராஜபுரத்து வீட்டில் யாரும் நம்பவில்லை. மூன்று வருஷம் கழித்து, கண்ணாடித் தகட்டில் அவள் பூசிய பாலிமர் படலம் பச்சையாக ஒளிர்ந்தது. நாலே நிமிஷம். காற்றும் ஈரமும் பட்டு அணைந்துபோனது. அந்த நாலு நிமிஷத்தை ஆயிரக்கணக்கான மணி நேரமாக்குவதே அவள் வேலையாகிவிட்டது.

பாலிமரைக் குளோரோபார்மில் கரைத்துத்தான் பூச வேண்டும். கரைசல் கலப்பதும் தகடுகளைக் கழுவுவதும் சிவாஜிநகரிலிருந்து வரும் அசோகனின் பொறுப்பு. ஐம்பதை நெருங்கியவர்.

1998 மழைக்காலத்தில் ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த கணவர் ஓஸ்வால்ட் முகத்தைச் சுளித்தார். "உன் சேலையில என்ன தித்திப்பா ஒரு வாசனை? தினமும் வருது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

சொன்ன பிறகுதான் திக்கென்றது. குளோரோபார்ம். கல்லீரலைக் கெடுக்கும் ஆவி. மூக்கு பழகிப்போய் எத்தனை மாதமோ!

மறுநாள் காலை, ஆவியை வெளியே இழுக்கும் கூண்டின் வாயில் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைப் பிடித்தாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. காகிதம் உள்ளே இழுபடவில்லை. அவள் முகத்தை நோக்கி ஆடியது.

"ஒரு வாரமா சோறே எறங்கல மேடம்," என்றபடி அசோகன் வந்தார். ஜன்னலோரம் கூட்டிப்போய்ப் பார்த்தாள். கண்கள் மஞ்சளாக இருந்தன.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தன் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்து மொட்டை மாடிக்கு ஏறினாள். போன வருஷம் அங்கே எழுப்பிய புது அறையின் சுவருக்குள், ஆவிக் கூண்டிலிருந்து மேலேறும் குழாயின் வாய் சிமெண்டில் புதைந்து கிடந்தது.

வேலையை நிறுத்தச் சொல்லியும் துறைத் தலைவர் கணேசமூர்த்தி அசையவில்லை. "ஜன்னலைத் திறந்து வெச்சு முடிச்சிடுங்க, நோரா. வெளிநாட்டுலயும் இதே ஆராய்ச்சியைத்தான் பண்றாங்க, முந்திடுவாங்க. பத்து நாள்ல கட்டுரை போகணும்."

"அசோகனுக்குக் கல்லீரல் கெட்டிருக்கு, சார்."

"குடிப்பாரா இருக்கும்."

"ஒரு சொட்டுத் தொடமாட்டார். எனக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க. அதுக்கும் ஏதாவது காரணம் வெச்சிருக்கீங்களா?"

அவள் ஆய்வறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

குழாயைத் திருப்பிக் கட்ட ஐந்து மாதமாயிற்று. மூன்றாம் மாதமே வெளிநாட்டார் கட்டுரை வந்துவிட்டது. அதே பாலிமர், அதே முறை. நூலகத்தில் நின்றபடியே படித்து முடித்தாள். அவளுடைய ரத்தச் சோதனையும் கல்லீரல் பாதிப்பைக் காட்டியிருந்தது. அசோகன் பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. வேலையால் வந்த நோய் என்று அவருக்காக அவள் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் அலுவலகம் வாய் திறக்கவில்லை.

2003இல், குளோரோபார்மே தேவைப்படாமல் சாராயத்தில் கரையும் பாலிமர் ஒன்றை அவள் உருவாக்கினாள். வெளிச்சம் பாதிதான் வந்தது. அதே வருஷம் டாக்டர் அவளுடைய கல்லீரல் படத்தில் தழும்புகளைத் தொட்டுக் காட்டினார்.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்துடுங்க."

"எதுவரைக்கும் டாக்டர்?"

அவர் படத்தை உறையில் போட்டு அவளிடம் நீட்டினார்.