நாற்பது நாள் தலைவர்

கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே நுயி அந்தப் பயிற்சிக்கூடத்தின் மரத்தரையில் ரத்தம் துடைத்தாள். கணவரின் அண்ணன் யோயிச்சிரோவின் ரத்தம்.

ஜப்பானின் ஹிதோயோஷி கோட்டை ஊரில் ஷிபுதா குடும்பத்து வாள்பள்ளிக்கு அவர் பத்தாவது தலைவராகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. நுயியின் கணவரான தம்பி கிஹெய்யோடு காலைப் பயிற்சியில் நின்றபோது தம்பியின் மரவாள் அவர் தொண்டையில் இறங்கி உயிரை எடுத்துவிட்டது.

"கை தவறிடுச்சு" என்றார் கிஹெய்.

தலைமையை மூத்தவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்த தகப்பனார் அதற்குமேல் கேட்கவில்லை. "நாப்பது நாள் இருந்தவனைத் தலைவன்னு எழுத முடியாது" என்று கிஹெய்யையே பத்தாவதாக உட்காரவைத்தார்.

நுயிக்கு அழகான கையெழுத்து. முழுப் பயிற்சி முடித்த சீடனுக்குக் கொடுக்கும் பரம்பரைச் சுருளை அவள்தான் எழுதுவாள். பள்ளியை ஆரம்பித்தவரின் கனவில் வாள்வீச்சைக் காட்டிய மலைத்தெய்வம் முதலில், பிறகு ஒன்பது தலைவர்கள், கடைசியில் கிஹெய். ஒன்பதாவது பெயரை முடித்ததும் தூரிகை தயங்கி நிற்கும். காகிதத்தில் மை ஒரு சொட்டு ஊறும்.

விடியற்காலையில் அவள் அடுப்பு மூட்டும்போது காலிக் கூடத்திலிருந்து இருமல் கேட்கும். மோதலுக்கு நிற்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வது யோயிச்சிரோவின் பழக்கம்; பதிலுக்கு மரவாளைத் தரையில் ஊன்றுவது கிஹெய்யின் பழக்கம். கிஹெய்யும் அந்த நேரத்தில் படுக்கையில் கண்விழித்தே கிடப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

கல்யாணமான முப்பத்தோராம் வருடம் கிஹெய் நோயில் படுத்தார். ஒரு நாள் காலை கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "உனக்கும் கேக்குதா?" என்றார்.

"வந்த வருஷத்திலேருந்து கேக்குதுங்க."

"அண்ணன் வாளை இறக்கிட்டாரு, நுயி. போதும்னு தலையாட்டினாரு. அதைப் பாத்துட்டுத்தான் அடிச்சேன்."

அவள் எழுந்து போய் மை அரைத்துக் கொண்டுவந்தாள். "உங்க கையாலேயே எழுதுங்க."

வீட்டில் இருந்த மூலச் சுருளில் தன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணன் பெயரை எழுதினார். தன்னுடையதைத் திரும்ப எழுத மறுத்துவிட்டார். நான்காம் நாள் இறந்துபோனார்.

அவர் பெயர் இல்லையென்றால் அவரிடம் படித்த பத்தொன்பது பேரும் யாருக்கும் சீடரில்லை. நுயி யோசித்துப் பார்த்துவிட்டு அண்ணனுக்குக் கீழே பதினொன்றாவதாகக் கணவரை எழுதினாள். பிறகு மைக்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர்களிடமிருந்த சுருள்களைத் திருத்த ஒவ்வொரு சீடர் வீடாகப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சிலர் அழுதார்கள். மூத்த சீடர் சதாகிச்சி மட்டும் சுருளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"செத்தவர் பேரை நடுவுல சொருகினா நான் ஒரு படி கீழ போயிடுவேனே, அம்மா? ஊர்ல என்னைக் கொலைகாரன் சீடன்னு சொல்லமாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. நான் கொலைகாரன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டுத்தானே உங்க வாசலுக்கு வந்திருக்கேன்?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வருடம் ஆற்றுக்கு அக்கரையில் தனிப்பள்ளி திறந்து, பழைய சுருளின்படியே சீடர்களுக்கு எழுதிக்கொடுத்தார். பதினான்கு பேர் திருத்தி வாங்கிக்கொண்டார்கள். மற்ற நால்வர் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

கூடத்தில் இருமல் நிற்கவில்லை. இப்போது அதற்குப் பதில் சொல்வதுபோல் மரவாள் தரையில் ஊன்றும் சத்தமும் சேர்ந்து கேட்டது. நுயி சாகும்வரை அந்த வீட்டிலேயே இருந்தாள். விடியும் நேரத்தில் கூடத்துக் கதவை மட்டும் அவள் திறந்ததில்லை.